மூன்றாம் உலையின் பெட்டி

வாசுதேவன் வார்ப்பாலையை விட்டுப் போனது 2025 பெப்ரவரி இருபதாம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. வாசல் காவலர் முன்னே நடக்க, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் பின்னே போனான். சாப்பாட்டுப் பெட்டி, குடை, ஒரு சோடி சப்பாத்து எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டன. வேலைக்குச் சேர்ந்து ஆறு கிழமைகூட ஆகாதவனுக்கு வேறென்ன சாமான் சேர்ந்திருக்கும்.

கருவிப் பட்டறையின் யன்னலுக்கு உள்ளே நின்று மரியமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டால் நல்லது என்று நினைத்தாள். கேற்றடியில் நின்று திரும்பினான். கோபம் இல்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வெளியே வந்தவன் பார்ப்பதுபோல, மூன்றாம் உலை இருக்கும் கொட்டகையை ஒருமுறை பார்த்தான். பிறகு யன்னலைப் பார்த்தான்.

"பிடிபட்டவன் இப்பிடியா பாக்கிறது? நல்லா நடிக்கிறான்," என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவனைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

மரியமலருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மன்னாரில் பேசாலையில் பிறந்தவள். வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கலியாணம் முடித்து சிட்னிக்கு வந்து, முதல் மூன்று வருடம் சந்தையில் வெங்காயம் தரம் பிரித்தாள். அதன்பிறகு இங்கேயும் ஒருமுறை படித்துத் தேறி, பதினொரு வருடமாக மேற்குச் சிட்னியில் ஒரு வார்ப்பாலையில் இன்ஸ்ட்ருமென்ற் டெக்னீஷியனாக இருந்தாள். சுரங்கங்களில் கல் உடைக்கும் இயந்திரங்களுக்கு வேண்டிய இரும்புத் துண்டுகளை அங்கே வார்க்கிறார்கள். உலை எத்தனை சூடு, தண்ணீர் எத்தனை சூடு, விசிறி எவ்வளவு நடுங்குகிறது என்று ஓயாமல் அளந்து திரைக்கு அனுப்பும் கருவிகள் எல்லாம் அவளுடைய பொறுப்பு.

எதையும் ஒரு பார்வையில் நம்புகிற ஆள் இல்லை அவள். ஒரு மானி நூறு என்று காட்டினால் இன்னொரு மானியைக் கொண்டுவந்து வைத்துப் பார்ப்பாள். சிட்னியின் கிரவீன் பகுதியில் உள்ள வீட்டிலும் அதே பழக்கம்தான். குசினியில் காஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்ப்பாள். பால் போத்தலின் திகதியைக் கடைக்காரன் முகத்துக்கு நேரே வாசிப்பாள்.

"என்னைக் கட்டேக்க என்ர பல்லையும் எண்ணித்தான் பாத்திருப்பாய்," என்பான் அவள் கணவன் நொயல். பரமட்டாவில் பஸ் ஓட்டுகிறவன்.

"எண்ணினனான். ஒண்டு குறைஞ்சது. போகட்டும் எண்டு விட்டனான்," என்பாள் அவள்.

ஆலையில் மூன்றாம் உலைதான் பெரியது. ஒரே நேரத்தில் இரண்டு தொன் இரும்பை மின்சாரத்தால் உருக்கும். உலையைச் சுற்றி வளையம் வளையமாகச் செப்புக் குழாய் ஓடும். மின்சாரமும் அந்தக் குழாயில்தான், அதைக் குளிர வைக்கும் தண்ணீரும் அதற்குள்தான். தண்ணீர் கொதித்துக் குழாய் வெடித்து, உருகிய இரும்போடு தண்ணீர் சேர்ந்தால் கொட்டகையின் கூரை மிஞ்சாது. அதனால் எட்டு இடத்தில் தண்ணீரின் சூட்டை அளந்து, எண்பது பாகையைத் தாண்டினால் உலையைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு பெட்டி இருந்தது. ஆள் உயர இரும்புப் பெட்டி. அதன் உள்வேலை முழுவதும் மரியமலர் செய்தது. கேபிள் ஒவ்வொன்றுக்கும் தன் கையால் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டும்போது அந்தக் கதவை மட்டும் அவளே திறந்து காட்டுவாள்.

நத்தார், புதுவருட விடுமுறை முடிந்து ஆலை திறந்தது ஜனவரி பதின்மூன்றாம் திகதி. அன்றுதான் வாசுதேவனும் சேர்ந்தான். கோயம்புத்தூர்க்காரன், முப்பத்துநாலு வயது, இந்த ஆலையே ஸ்பொன்சர் செய்து வேலை விசாவில் கூப்பிட்ட எஞ்சினியர். மறுநாள் மத்தியானம் மூன்றாம் உலையின் தண்ணீர்ச் சூடு திரையில் நாற்பத்தொன்றிலிருந்து ஒரே தாவலாகத் தொண்ணூற்றாறுக்குப் போனது. அலாரம் அடித்தது, உலை நின்றது. ஓடிப்போய்த் தண்ணீர் வெளியேறும் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார்கள். வெறும் இளஞ்சூடு. திரும்பி வந்து பார்த்தால் திரையிலும் நாற்பத்தொன்று. அந்தக் கிழமை அப்படி மூன்று தரம் நடந்தது. அடுத்த கிழமை ஐந்து தரம். உலை நிற்கும் ஒவ்வொரு தரமும் உள்ளே இரும்பு இறுகத் தொடங்கும், வார்ப்பு பழுதாகும், மேலதிகாரி கிரெக்கின் கழுத்து சிவக்கும்.

பதினொரு வருடம் ஒழுங்காக இருந்த பெட்டி, ஒருவன் வந்த மறுநாள் ஏன் கெட வேண்டும்? மரியமலர் அவனைக் கவனிக்கத் தொடங்கினாள்.

கவனிக்கத் தொடங்கிய பிறகு அவன் செய்வது எல்லாமே பிழையாகத்தான் பட்டது. எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் அவன் மூன்றாம் உலையடியில் நின்றான். சின்னக் கொப்பி ஒன்றில் எதையோ எழுதுவான். அவள் கிட்டப் போனால் மூடுவான்.

"என்ன வாசு எழுதுறீங்கள்?"

"சும்மாதான் அக்கா, அலாரம் வர்ற டைமைக் குறிச்சு வைக்கிறேன்."

"என்னத்துக்கு?"

"இன்னும் தெரியல அக்கா. தெரிஞ்சா மொதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்."

என்னத்துக்கு என்று தெரியாமலே ஒருவன் எழுதி வைப்பானா? அவள் நம்பவில்லை. புது ஆள் தான் வந்துதான் திருத்தினேன் என்று பெயர் வாங்குவதற்காக, தானே கெடுத்துவிட்டுத் திருத்தக் காத்திருக்கிறான் என்று அவளுக்குள் ஒரு கதை கட்டி முடிந்திருந்தது.

பெப்ரவரி பதினெட்டாம் திகதி கண்ணாலேயே கண்டாள். மூன்றாம் உலை முழுச் சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதன் முன்னால் வாசுதேவன், கையில் வோக்கிடோக்கி. 'மூன்று மீற்றருக்குள் றேடியோ பாவிக்க வேண்டாம்' என்று அந்தக் கதவில் சிவப்பு எழுத்தில் இருக்கும் அறிவிப்பு அவள் ஒட்டியது. அவன் யாரோடும் கதைக்கவில்லை. பொத்தானை அமத்தினான், விட்டான், திரையைப் பார்த்தான். அமத்தும் ஒவ்வொரு தரமும் எண் துள்ளியது. நாலாம் தரம் உலை நின்றது. அப்போது அவன் முகத்தில் தெரிந்தது சந்தோஷம் என்று அவள் சத்தியம் பண்ணிச் சொல்வாள்.

நேராகக் கிரெக்கின் அறைக்குப் போனாள். கண்டதைச் சொன்னாள். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தாள். வாசுதேவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, பெட்டிக்குள் வெளி மின்காந்த இரைச்சல் நுழைகிறதா என்று சோதித்தேன் என்றான். சோதனைக்கு அனுமதிப் படிவம் எங்கே என்றார் கிரெக். படிவம் இல்லை. கேட்டால் ஒரு கிழமை இழுப்பார்கள், அதற்குள் இன்னும் நாலு வார்ப்புப் போய்விடும் என்று நினைத்தேன் என்றான். தகுதிகாண் காலத்தில் இருந்தவனை அனுப்ப அதுவே போதுமாக இருந்தது. அவனும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அதைக் கிரெக் கோப்பில் வைத்தார்.

அன்று பின்னேரம் மரியமலர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்றாம் உலை மறுபடி நின்றது.

"கள்ளன் போயிட்டான், களவு போகேல்லை," என்றான் சிறிதரன். பகல் ஷிப்டில் உலையை ஓட்டுகிறவன். யாழ்ப்பாணத்தான், ஆலையிலேயே வாய்க்காரன்.

வாசுதேவன் கணினியில் எதையாவது வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று மரியமலர் ஒரு கிழமை தேடினாள். ஒன்றும் இல்லை. ஆனால் அலாரம் வந்த நேரங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாமே சிறிதரனின் ஷிப்டில். மற்ற ஷிப்டில் ஒன்றுகூட இல்லை. சந்தேகம் இப்போது அவன் பக்கம் திரும்பியது. உலை நின்றால் அவனுக்கு ஓய்வு. இரும்பு இறுகினால் அடுத்த ஷிப்டுக்காரன் தலையில் விழும்.

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உலையடியில் குந்தினாள்.

"மலரக்கா, நீங்கள் என்னைப் பாக்கிற பார்வை சரியில்லையே," என்றான்.

"எப்பிடிப் பாக்கிறன்?"

"எயார்போர்ட்டில என்ர அம்மாவின்ர கருவாட்டைக் கஸ்டம்ஸ்காரன் பாத்த மாதிரி."

"கருவாட்டை விட்டவங்களே?"

"இல்லை. அம்மாவைத்தான் விட்டவங்கள்."

அவள் சிரிக்கவில்லை. அந்த நேரம் அலாரம் அடித்தது. சிறிதரன் திரும்பியும் பாராமல் கையைப் பின்னால் நீட்டிப் பொத்தானை அமத்தினான். சத்தம் நின்றது, உலை மறுபடி ஓடத் தொடங்கியது. சத்தம் வரும் துளையின்மேல் மட்டை ஒன்றை மடித்து ஒட்டியிருந்ததை அப்போதுதான் கண்டாள்.

"சிறி, உண்மையான சூடா இருந்தா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஓநாய் வருது எண்டு கத்தினா, ஆர் அக்கா எழும்பிப் பாக்கிறது?"

மட்டையைக் கிழித்து எறிந்தாள். பொய் அலாரம் வந்து உலை நிற்பது மட்டும்தான் கேடு என்று நினைத்திருந்தாள். உண்மை அலாரம் வரும் நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழாயிலிருந்து பத்தடி தூரத்தில் நிற்பவன் சிறிதரன்தான்.

நாலு நாள் இருந்து பார்த்ததில், சிறிதரன் ஒன்றும் கெடுக்கவில்லை என்று தெரிந்தது. அவன் அவசரக்காரன், அவ்வளவுதான். உலையை முழுச் சக்திக்கு ஏற்றுவான். மற்ற ஷிப்டுக்காரன் முக்கால் சக்திக்கு மேலே போவதில்லை. முழுச் சக்தியில்தான் எண் துள்ளியது. உலையைச் சுற்றி எழும் மின்காந்த இரைச்சல் அளவுக் கம்பிகளுக்குள் புகுந்து, இல்லாத சூட்டைக் காட்டுகிறது. அது அவளுக்கு விளங்கியது. ஆனால் சிறிதரன் எட்டு வருடமாக முழுச் சக்தியில்தான் ஓட்டுகிறான். இரைச்சல் புதிதில்லை. இதுவரைக்கும் அதை உள்ளே விடாமல் வைத்திருந்தது எது, அது எங்கே போனது?

மார்ச் கடைசி ஞாயிறு, நொயலின் பிறந்தநாளுக்கு மைசூர்பாகு வாங்க ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்குப் போனாள். கடையில் ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்ட வந்தாள்.

"நீங்க மலர் அக்காதானே? ஆலையில எடுத்த பொங்கல் ஃபோட்டோவில பாத்திருக்கேன். நான் தாரிணி. வாசுவோட வைஃப்."

இவள் இப்போது கடைக்குள் சண்டை பிடிக்கப் போகிறாள் என்று மரியமலர் பையை இறுக்கிப் பிடித்தாள். தாரிணி சண்டை பிடிக்கவில்லை.

"அவர் உங்கள ஒண்ணும் சொல்லல அக்கா. பாத்ததத்தான சொன்னாங்க, அவங்க எடத்துல நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்னார்."

"இப்ப வேலை?"

"தேடறார். இன்டர்வியூ எல்லாம் நல்லாத்தான் போகுது. அப்புறம் பழைய எடத்துக்கு ஃபோன் பண்ணிக் கேக்கறாங்க, அதோட சரி. ஆகஸ்ட் பத்தொம்பதுக்குள்ள வேற ஸ்பான்சர் கெடைக்கணும். இல்லன்னா கெளம்பணும்." அவள் இனிப்புப் பெட்டியின் நூலை விரலில் சுற்றினாள். "ஒரு விஷயத்த மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருக்கார் அக்கா. மொதல்ல கதவ மூடி வச்சுத்தான் அழுத்திப் பாத்தாராம். அப்பவும் நம்பர் தாவுச்சாம். அத எழுதியே குடுத்தேன், யாரும் படிக்கலன்னு."

ரயிலில் வரும்போது, தன்னை மடக்கத்தான் இவள் இதைச் சொன்னாளோ என்று மரியமலர் யோசித்தாள். அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்த ஒரு வரி போக மறுத்தது. கதவு திறந்திருந்தால் றேடியோ அலை உள்ளே போகும், அது எவருக்கும் தெரியும். மூடியிருக்கும்போது போகக்கூடாது. போனால் பெட்டியில் எங்கோ பிழை.

ஏப்ரல் ஐந்தாம் திகதி சனிக்கிழமை. உலைகள் ஆறியிருந்தன. அனுமதிப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள்.

ஒவ்வொரு கேபிளிலும் உட்கம்பியைச் சுற்றி வலை போல ஓர் உலோக உறை இருக்கும். வெளி இரைச்சலை வாங்கிக்கொள்வது அந்த வலைதான். பெட்டியின் அடித்தகட்டில் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு பித்தளைப் பூட்டு அந்த வலையைக் கவ்விப் பிடித்து, பெட்டியின் உடம்பு வழியாக நிலத்துக்கு அனுப்பிவிடும். பூட்டில் ஒரு முனையும் பெட்டியில் ஒரு முனையுமாக மானியை வைத்தாள். கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். மானி தொடர்பே இல்லை என்றது. இன்னொரு மானியைக் கொண்டுவந்தாள். அதுவும் அதையே சொன்னது. எட்டுப் பூட்டும் அப்படித்தான். எட்டு வலையும் எங்கேயும் சேராமல் அந்தரத்தில் நின்றன.

ஒரு பூட்டைக் கழற்றித் தகட்டை விளக்கில் பார்த்தாள். வழவழவென்று சாம்பல் நிறப் பெயின்ற். தூரிகைத் தடம்கூடத் தெரிந்தது, இடமிருந்து வலமாக, ஒரே சீராக.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

நத்தாருக்கு முதல் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பது பேசாலையில் ஒரு வீடும் தவறவிடாத காரியம். சுவருக்கு முடியாவிட்டால் யன்னலுக்காவது, அதுவும் முடியாவிட்டால் கேற்றுக்காவது ஒரு பூச்சு. கிரவீனிலும் அவள் விட்டதில்லை. கடந்த டிசெம்பரில் கேற்றுக்கு அடித்து அரை ரின் மிஞ்சியது. ஆலை மூடியிருந்த கிழமை, பராமரிப்பு வேலைக்குப் போனவள், தன் பெட்டியின் அடித்தகட்டில் துரு ஏறியிருப்பதைக் கண்டாள். நத்தாரும் அதுவுமாகத் துருவோடு விட மனம் வரவில்லை. எட்டுப் பூட்டையும் கழற்றி, துருவைத் தேய்த்து, தகட்டின் இரண்டு பக்கமும் இரண்டு பூச்சுக் கொடுத்து, காய்ந்தபின் பூட்டையெல்லாம் திரும்ப முறுக்கினாள். பித்தளைக்கும் இரும்புக்கும் நடுவே காய்ந்த பெயின்ற் ஒரு தோல் போல நின்றுவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதவும் இல்லை. பெயின்ற் அடித்ததையெல்லாம் யார் எழுதுவார்கள்?

கையில் இருந்த சுரண்டியைப் பார்த்தாள். எட்டு வட்டம் சுரண்டினால் அரை மணித்தியால வேலை. அலாரம் நிற்கும். ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வாசுதேவன் செய்த ஏதோ ஒன்று மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

போனில் படம் எடுத்தாள். பூட்டைத் திரும்பப் போட்டுக் கதவை மூடினாள். மூன்றாம் உலையைத் திங்கட்கிழமை தான் வரும்வரை ஓட்டக்கூடாது என்று சீட்டு எழுதித் தொங்கவிட்டாள்.

வீட்டில் நொயலிடம் சொன்னாள்.

"தவக்காலந்தானே, சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லன்."

"சாமியாரிட்டச் சொல்லுறது சுகம். அவர் வாசுவில பிழையில்லை எண்டு லெற்றர் குடுப்பாரோ?"

"உன்ர வேலை போனா?"

"உங்கட பஸ் இருக்குத்தானே," என்றாள். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள்.

திங்கட்கிழமை கிரெக்கையும் சிறிதரனையும் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். மானியை வைத்துக் காட்டினாள். குழாயில் தண்ணீர் ஓட, உலைக்குள் கொஞ்சப் பழைய இரும்பு மட்டும் போட்டு முழுச் சக்திக்கு ஏற்றச் சொன்னாள். எண் துள்ளியது. உலையை நிறுத்தி, பூட்டுகளைக் கழற்றி, எட்டு வட்டமும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, திரும்ப முறுக்கினாள். மறுபடி முழுச் சக்தி. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. கதவை மூடிவிட்டு வோக்கிடோக்கியை எடுத்து, வாசுதேவன் நின்ற இடத்திலேயே நின்று பொத்தானை அமத்தினாள். நாற்பத்தொன்று.

கிரெக் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பெயின்ற்றை அடித்தது அந்த இந்தியப் பெடியனா என்பதுதான். ஓம் என்று ஒரு சொல் போதுமாக இருந்தது. சிறிதரன் கீழே சிந்தியிருந்த சாம்பல் தூளைப் பார்த்தான், அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

"அவர் வர முதலே அடிச்சது. நான் அடிச்சனான்," என்றாள் அவள், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. பிறகு, வாசுதேவன் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை இப்போது வாசிக்கச் சொன்னாள். கோப்பிலிருந்து எடுத்து வந்து கிரெக் நின்றபடியே வாசித்தார். கதவு மூடியிருந்தபோதும் தாவியது, கேபிள் நுழையும் தகட்டைப் பார்க்க வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது.

அவளுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அந்தப் பெட்டியை மூன்று மாதம் வேறொருவர் மேற்பார்வையில்தான் திறக்கலாம் என்றார்கள். தன்னைப் பற்றிய கடிதத்துக்கு அவள் பதில் எழுதவில்லை. வாசுதேவனுக்கான கடிதத்துக்காகக் கிழமைக்கு இரண்டு தரம் கிரெக்கின் கதவைத் தட்டினாள். அவனுடைய பதவியையே ஆலை அதற்குள் நீக்கிவிட்டது, திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அனுமதி இல்லாமல் சோதித்தது பிழை, ஆனால் அவன் கண்டது சரி, பழுதை உண்டாக்கியது அவன் அல்ல என்று ஒரு கடிதம் ஜூன் பத்தாம் திகதி கையெழுத்தாகி வந்தது. அதையும் பெயின்ற் அடித்த தகட்டின் படத்தையும் வட்ஸப்பில் அவனுக்கு அனுப்பினாள். 'நான் அடிச்ச பெயின்ற் தம்பி. எனக்குத் தெரியாது. என்னை மன்னியுங்கோ' என்று எழுதினாள்.

அவன் வாசித்துவிட்டான் என்று இரண்டு கோடும் நீலமாயின. பதில் வரவில்லை.

ஆகஸ்ட் பத்தொன்பது வந்தது, போனது. இனிப்புக் கடையில் தாரிணியைக் காணவில்லை. ஊருக்குத் திரும்பியிருப்பார்கள் என்று ஒரு நாள் நினைத்தாள். கடிதம் பிந்திவிட்டது, அதுதான் பேசுகிறான் இல்லை என்று இன்னொரு நாள். டிசெம்பரில் வீட்டுக் கேற்றுக்கு வழமைபோலப் பெயின்ற் அடித்தாள். மிஞ்சியதை அன்றே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சிறிதரன் அலாரம் அடித்தால் இப்போது எழும்பிப் போய் ஹோஸைத் தொட்டுப் பார்க்கிறான். அவள் கதிரையில் இல்லாத நாளிலும் பார்க்கிறானா என்று இரண்டு தரம் ஒளித்து நின்று பார்த்தாள். பார்த்தான்.

அடுத்த வருடம் மார்ச் பதினோராம் திகதி, புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் போன் அதிர்ந்தது. முதலில் ஒரு படம். ஏதோ ஓர் ஆலையின் பெட்டி, அடித்தகடு, பச்சைப் பெயின்ற், நடுவில் வட்டமாகச் சுரண்டிய வெள்ளை இரும்பு. அதன் கீழே வாசுதேவன் எழுதியிருந்தான்:

'மலர் அக்கா, நாங்க மெல்பேர்ன்ல இருக்கோம். உங்க லெட்டரை வச்சுத்தான் இங்க எடுத்தாங்க, ஆகஸ்ட் பதினொண்ணாம் தேதி. அப்போ உங்களுக்குப் பதில் போட மனசு வரல. இன்னைக்கு இங்க ஒரு பெட்டியத் திறந்தேன், இப்படி இருந்தது. யார் அடிச்சதுன்னு எல்லாரும் என்கிட்ட கேட்டாங்க. அதைக் கண்டுபிடிக்கிறது என் வேலை இல்லைன்னு சொல்லிட்டேன். பர்மிட் வாங்கிட்டுத்தான் திறந்தேன்.'